உடைச்ச பொட்டியும் ஒரு பேலன்ஸ் ஷீட்டும்

பழைய சாமான்களை ரிப்பேர் பண்ணி உயிர் கொடுக்கிறவங்களில் ரெண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, "கம்பெனியிலிருந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவரணும்" என்பாங்க. இன்னொரு கட்சி, "ஓடினா போதும் சார்" என்பாங்க. லாம்ப்ரட்டா ஸ்கூட்டர், வால்வு ரேடியோ, கிராமபோன்னு எதை எடுத்தாலும் இந்தச் சண்டை இருக்கு. ஆனா நடுவில் யாரோ ஒருத்தர் அந்தச் சாமானைத் திறந்து, கம்பெனிக்காரன் நினைச்சுக்கூடப் பார்க்காத ஒரு வேலையைச் செய்ய வச்சிருந்தா? அந்தக் கைவேலையை என்ன செய்யறது? அழிக்கிறதா, வச்சுக்கிறதா?

வச்சுக்கணும் என்பது என் கட்சி. பழைய வீடியோ கேம் பொட்டி ஒண்ணை உதாரணமா வச்சு ஏன்னு சொல்றேன். பயப்படாதீங்க, நான் பொட்டி தட்டுற ஆளு இல்லை. பி.காம். படிச்சுட்டு இருபது வருஷமா வங்கியில் குப்பை கொட்டறவன். இப்போ டெல்லியில் ஆறாவது வருஷம். சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்கணும்கிற அளவுக்குத் தெரியும், அவ்வளவுதான். கணக்கு மட்டும் கொஞ்சம் தெரியும் :-)

முதல்ல பொட்டி. மைக்ரோசாஃப்ட் 2001 நவம்பர் 15 அன்னிக்கு அமெரிக்காவில் விற்க ஆரம்பிச்ச முதல் எக்ஸ்பாக்ஸ். கருப்பா, பெருசா, மேலே ஒரு பச்சை வட்டம். தூக்கினா கை வலிக்கும். உள்ளே பார்த்தா கிட்டத்தட்ட அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்தான். 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசசர், 64 எம்பி நினைவகம், 8 அல்லது 10 ஜிபி ஹார்ட் டிஸ்க். மொத்தம் சுமார் 2 கோடியே 40 லட்சம் பொட்டி வித்தாங்க.

நம்ம நாட்டுக்கு இது முறையா வரவே இல்லை. 2006 செப்டம்பரில் அடுத்த தலைமுறையான எக்ஸ்பாக்ஸ் 360 தான் கடைக்கு வந்துச்சு. முதல் பொட்டி இங்கே வந்ததெல்லாம் சித்தப்பா பெரியப்பா சூட்கேஸில், இல்லைன்னா டெல்லி பாலிகா பஜார், மும்பை லேமிங்டன் ரோடு, நம்ம சென்னை பர்மா பஜார், ரிச்சி தெரு மாதிரி இடங்கள் வழியா. வந்த பொட்டிகளில் பெரும்பாலானவை திறந்து மாத்தினவைதான். இதைக் கடைக்காரங்க "மாட் பண்ணினது"ன்னு சொல்வாங்க. நம்ம பசங்க பாஷையில் "உடைச்ச பொட்டி".

எதை உடைச்சாங்க? அதை எங்க தொழில் பாஷையில் சொன்னா சுலபமா புரியும்.

வங்கி லாக்கரைத் திறக்க ரெண்டு சாவி வேணும். ஒண்ணு வாடிக்கையாளர் கையில், இன்னொண்ணு வங்கி கையில். எது இல்லைன்னாலும் கதவு திறக்காது. எக்ஸ்பாக்ஸின் ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். டிஸ்க் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கும். மதர்போர்டில் ஒரு சின்னச் சில்லு இருக்கு, அதன் கொள்ளளவு வெறும் 256 பைட். இந்தப் பத்தியைக்கூட அதில் எழுத முடியாது. அதுக்குள்ள ஒரு ரகசியச் சாவி இருக்கும். அந்தச் சாவியையும் டிஸ்கின் மாடல் எண், வரிசை எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டாத்தான் கடவுச்சொல் கிடைக்கும். ஒவ்வொரு பொட்டிக்கும் சாவி வேற. ஒரு பொட்டியின் டிஸ்க்கைக் கழட்டி இன்னொண்ணில் மாட்டினா வேலை செய்யாது. கம்ப்யூட்டரில் மாட்டினாலும் வாயே திறக்காது.

அதுக்கும் மேல, கம்பெனி கையெழுத்துப் போட்ட மென்பொருள் மட்டும்தான் அதில் ஓடும். கையெழுத்தைச் சரிபார்க்கிற வேலையின் முதல் படி ஒரு சில்லுக்குள்ள 512 பைட்டில் ஒளிஞ்சிருந்தது. எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவரா இருந்த ஆண்ட்ரூ ஹுவாங் ("பன்னி"ன்னு கூப்பிடுவாங்க, முயல்குட்டிங்கிற அர்த்தத்தில், வேற மாதிரி படிச்சுடாதீங்க), 2002 இல் அந்தச் சில்லுக்கும் பிராசசருக்கும் நடுவில் ஓடுற தகவலை ஒட்டுக்கேட்டு ரகசியத்தை வெளியே கொண்டுவந்தார். அதைப் பத்தி அவர் எழுதின புத்தகம் 2003 இல் வந்துச்சு. வழக்கு வரும்னு பயந்து முதல் பதிப்பகம் கைவிட, அவரே அச்சடிச்சு வித்தார். 2013 இல் அந்தப் புத்தகத்தை எல்லாருக்கும் இலவசமாவே கொடுத்துட்டார்.

அதுக்கப்புறம் ரெண்டு வழி வந்துச்சு. ஒண்ணு, மதர்போர்டில் ஒரு தனிச் சில்லை சால்டர் பண்ணி ஒட்டறது. அதுதான் மாட்சிப். ரெண்டாவது, சால்டரே இல்லாத வழி. மெக்அசால்ட், ஸ்ப்லின்டர் செல், 007: ஏஜென்ட் அண்டர் ஃபயர்னு சில கேம்களில் ஓட்டை இருந்துச்சு. விளையாட்டைச் சேமிச்சு வைக்கிற கோப்பில் கொஞ்சம் வேலை பார்த்து, அதைக் கேமுக்குள்ள திறந்தா, பொட்டியின் முழுக் கட்டுப்பாடும் நம்ம கைக்கு வந்துடும். இதுக்கு சாஃப்ட்மாட்னு பேர்.

இப்ப நேர்மையா ஒரு விஷயம். இந்த வேலையெல்லாம் எதுக்குப் பயன்பட்டுச்சுன்னு கேட்டா, பெரும்பாலும் திருட்டு கேம் விளையாடத்தான். அதை மறைச்சுட்டு "அறிவியல் ஆர்வம்"னு கதை விடறது எனக்குப் பிடிக்காது. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடுற கள்ளச்சந்தைப் பட்டியலில் 2021 இல் பாலிகா பஜார் பேரும் இருந்துச்சு. சும்மா வரலை அந்தப் பேர்.

ஆனா பேரேட்டில் பற்று மட்டும் எழுதினா போதாது, வரவும் எழுதணும் இல்லையா? உடைச்ச எக்ஸ்பாக்ஸில் பாட்டு, படம், வீடியோ எல்லாம் பார்க்க வசதியா சில ஆர்வலர்கள் ஒரு மென்பொருள் எழுதினாங்க. பேர் எக்ஸ்பிஎம்சி. காசு வாங்காம, ராத்திரி கண் முழிச்சு எழுதினது. அது பொட்டியைத் தாண்டி வளர்ந்துச்சு, கம்ப்யூட்டருக்குப் போச்சு, போனுக்குப் போச்சு. 2014 இல் அதுக்கு "கோடி"ன்னு பேர் மாத்தினாங்க (நம்ம தெருக்கோடி இல்லை, பணக்கோடியும் இல்லை). இன்னிக்கு எத்தனையோ வீட்டு டிவிகளில் அது ஓடிக்கிட்டிருக்கு. உடைச்ச பொட்டி இல்லைன்னா அது பிறந்தே இருக்காது.

சரி, ரிப்பேருக்கு வருவோம்.

எங்க அடுக்ககத்தில் கீழ் வீட்டில் ஒரு பாலக்காட்டு மாமா இருக்கார். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் டெல்லிக்கு வந்து, ரிட்டயர் ஆகி இங்கேயே தங்கிட்டவர். பையன் கனடாவில். போன வருஷம் ஒருநாள் மாமா பரணிலிருந்து ஒரு கருப்புப் பொட்டியை இறக்கி வச்சுட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் தம்பி 2004 இல் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. பையன் காலேஜ் படிக்கும்போது, 2006 இல் இங்கே ஒரு கடையில் கொடுத்து சாஃப்ட்மாட் பண்ணி, 120 ஜிபி டிஸ்க் போட்டு வாங்கியிருக்கான்.

"கேமெல்லாம் எனக்கு எதுக்கு சார்? 2007 நவராத்திரியில எங்காத்துக் கொலு முன்னாடி மாமி பாடினதைப் பையன் இதுக்குள்ளதான் ஏத்தி வச்சான். கேமரா டேப்பெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போயிடுத்து. அவ குரல் வேற எங்கயும் இல்லை" என்றார்.

மாமி 2011 இல் காலமாயிட்டாங்க.

பொட்டியை ஆன் பண்ணினா எழுந்திருக்கலை. முதல்ல ஒரு கடையில் காட்டினோம். அவர் நல்ல மனுஷர்தான். டிஸ்க்கைக் கழட்டித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார், பூட்டியிருக்குன்னார். "சார், எவனோ கண்டபடி கை வச்சிருக்கான். இந்த டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டு, போர்டு வேற போட்டு, கம்பெனியிலிருந்து வந்த மாதிரி ஆக்கித் தந்துடறேன்" என்றார். விலையும் நியாயமாத்தான் சொன்னார்.

அங்கேதான் எனக்கு இந்தப் பதிவின் விஷயமே பிடிபட்டுச்சு. அவர் சொன்னபடி செஞ்சிருந்தா பொட்டி பளபளன்னு வேலை செஞ்சிருக்கும். ரிப்பேர் வெற்றி. மாமி குரல் போயிருக்கும். பழைய போர்டைத் தூக்கிப் போட்டா சாவி போச்சு, பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டா லாக்கரே போச்சு. அவர் "கண்டபடி கை வச்சது"ன்னு சொன்ன அந்த வேலைதான் மாமாவுக்கு அந்தப் பொட்டியில் இருந்த ஒரே சொத்து.

வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டோம்.

அப்புறம் நான் படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்றேன். முதல் எக்ஸ்பாக்ஸுக்கு எமன் யாருன்னா, ஒரு சின்ன மின்தேக்கி. பொட்டியின் பிளக்கைக் கழட்டினாலும் உள்ளே இருக்கிற கடிகாரம் சில மணி நேரம் ஓடறதுக்காக வச்சது. 1 ஃபேரட், 2.5 வோல்ட். வருஷம் போகப்போக அது கசிய ஆரம்பிக்கும். கசிஞ்ச திரவம் போர்டில் முடி மாதிரி ஓடுற செப்புக் கோடுகளைத் தின்னும். பொட்டியைப் பயன்படுத்தாம பரணில் வச்சிருந்தாலும் கசியும். ஒரு கட்டத்தில் பொட்டி தானே ஆன் ஆகும், இல்லைன்னா எழுந்திருக்கவே எழுந்திருக்காது. டெல்லியில் மே, ஜூன் மாசம் 45 டிகிரி, ஆடி ஆவணியில் ஈரப்பதம். பரணில் இருக்கிற பொட்டிக்கு வேற எதிரியே வேண்டாம்.

எந்தக் கடையிலும் நடக்காத வேலை, பக்கத்துத் தெருவில் மொபைல் ரிப்பேர் பண்ற பையன்கிட்ட நடந்துச்சு. அவனுக்கு எக்ஸ்பாக்ஸ்னா என்னன்னே தெரியாது, அது கடைக்கு வந்தப்ப அவன் பிறந்தே இருக்க மாட்டான். ஆனா மைக்ராஸ்கோப் வச்சிருக்கான். தினமும் தண்ணியில் விழுந்த போனுக்கு ஜம்பர் அடிக்கிறவன். மின்தேக்கியைக் கழட்டினான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் வச்சுப் பச்சைக் கறையைச் சுத்தம் பண்ணினான். ரெண்டு கோடு முழுசா அரிச்சுப் போயிருந்துச்சு. தலைமுடி கனத்தில் கம்பி இழுத்து ஜம்பர் போட்டான். 600 ரூபாய் வாங்கினான்.

பொட்டி எழுந்துச்சு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவு விவரமா எழுதறேன். மின்தேக்கியை எடுத்துட்டா, பிளக்கைக் கழட்டுற ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போயிடும். கம்பெனிப் பொட்டிக்கு அதனால் ஒண்ணும் ஆகாது, நேரம் கேட்கும், அவ்வளவுதான். ஆனா சில பழைய வகை சாஃப்ட்மாட் பண்ணின பொட்டிகள், கடிகாரம் பூஜ்ஜியமானா ஒரே இடத்தில் சுத்திச் சுத்தி வந்து எழுந்திருக்காது. 2006 இல் மாமா வீட்டுப் பொட்டியில் வேலை பார்த்த ஆளு, கடிகாரம் நின்னாலும் பொட்டி எழுந்திருக்கிற மாதிரி பின்னால வந்த முறையில் பண்ணியிருந்தார். அவர் பேர் தெரியாது, கடை இப்ப இல்லை. இருபது வருஷம் கழிச்சு அந்த வேலை நின்னு பேசுது. "எவனோ கண்டபடி கை வச்சிருக்கான்"னு சொன்னாரே, அந்த "எவனோ" இவர்தான்.

அன்னிக்கு ராத்திரி முதல் வேலையா அந்த 256 பைட்டையும் நகல் எடுத்து மாமாவுக்கும் பையனுக்கும் அனுப்பினோம். அப்புறம் லேன் கேபிள் மாட்டி, எக்ஸ்பிஎம்சி வழியா டிஸ்கில் இருந்த மொத்தத்தையும் லேப்டாப்புக்கு இறக்கினோம். விடிய விடிய ஓடுச்சு. கொலு வீடியோ இருந்துச்சு. மாமா அதைப் பார்த்ததைப் பத்தி நான் எழுதப் போறதில்லை, அது அவங்க வீட்டு விஷயம்.

இப்ப என் பாடத்துக்கு வர்றேன். பி.காம். முதல் வருஷத்தில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவுன்னு ஒரு பாடம் வரும். மெஷினுக்கு எண்ணெய் போடறது, தேஞ்ச பெல்ட்டை மாத்தறது வருவாயினச் செலவு. அந்த வருஷத்தோட லாப நட்டக் கணக்கில் போயிடும். ஆனா மெஷினால் முன்னாடி முடியாத ஒரு வேலையை முடியும்படி செய்யறதுக்கு ஆகிற செலவு மூலதனச் செலவு. அதைச் சொத்தின் மதிப்போட கூட்டணும். இருப்புநிலைக் குறிப்பில் அது சொத்தாவே உட்காரும்.

மாட் பண்றது என்பது மூலதனச் செலவு. கேம் மட்டும் ஓடின பொட்டியை, குடும்ப ஆல்பமாவும் சினிமாக் கொட்டகையாவும் மாத்தின செலவு. "ஒரிஜினலுக்குக் கொண்டுவர்றேன்"னு அதை அழிக்கிறவர், சொத்தின் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து தூக்கிட்டு அதுக்கு ரிப்பேர்னு பேர் வைக்கிறார். எங்க ஆடிட்டர் இதை ஒத்துக்க மாட்டார்.

"சார், இருபது வருஷப் பொட்டிக்குத் தேய்மானம் போட்டா என்ன மிஞ்சும்?"னு கேட்பீங்க. வருமான வரிச் சட்டத்தில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 60 சதவீதமா இருந்து, 2017-18 நிதியாண்டிலிருந்து 40 சதவீதமாச்சு. போடற முறை, குறைந்து செல் மதிப்பு முறை. அந்த முறையின் அழகு என்ன தெரியுமா? எத்தனை வருஷம் கழிச்சாலும் மதிப்பு பூஜ்ஜியத்தைத் தொடாது. ஏதோ ஒண்ணு மிஞ்சும் :-)

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கு. யாரும் கை வைக்காத பொட்டி, அட்டைப் பெட்டி, கையேட்டோட இருந்தா அதை அப்படியே வச்சிருக்கணும். நாளைக்கு ஒருத்தன் ஆராய்ச்சி பண்ணும்போது கம்பெனி என்ன செஞ்சதுன்னு பார்க்க அது வேணும். அதில் போய் மாட்சிப் ஒட்டச் சொல்லலை. நான் சொல்றது, ஏற்கெனவே மாத்தின பொட்டியைப் பத்தி. அதில் ரெண்டு வரலாறு இருக்கு. ஒண்ணு அமெரிக்காவில் எழுதினது, இன்னொண்ணு நம்ம தெருவில் எழுதினது. முதல் வரலாற்றுக்குக் கோடிக்கணக்கில் சாட்சி இருக்கு. ரெண்டாவதுக்கு அந்த ஒரு பொட்டிதான் சாட்சி. எதை முதல்ல காப்பாத்தணும்?

இன்னொரு கேள்வியும் வரும். "பூட்டை உடைச்ச பொட்டியை ரிப்பேர் பண்றது சட்டப்படி சரியா? அதுவும் வங்கி அதிகாரி நீங்க!" நல்ல கேள்வி. அமெரிக்காவில் 1998 இல் வந்த டிஎம்சிஏ சட்டப்படி டிஜிட்டல் பூட்டை உடைக்கிறதே குத்தம். விதிவிலக்கு வேணும்னா மூணு வருஷத்துக்கு ஒருதரம் போய்க் கேட்கணும். 2021 இல் வீடியோ கேம் பொட்டி ரிப்பேருக்கு விலக்கு கேட்டப்போ, தட்டு சுத்துற டிரைவை மாத்தறதுக்கு மட்டும் கொடுத்தாங்க. நம்ம நாட்டில் காப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் 65ஏ பிரிவைச் சேர்த்தாங்க. அதில் உரிமையை மீறுற உள்நோக்கத்தோட பூட்டை உடைச்சாத்தான் குத்தம், ரெண்டு வருஷம் வரை சிறை. உள்நோக்கம் என்ற அந்த ஒரு வார்த்தையை நம்ம ஆளுங்க யோசிச்சுத்தான் போட்டிருக்காங்கன்னு நினைக்கிறேன். சொந்த வீட்டு வீடியோவை எடுக்கறதுக்கும், திருட்டு கேம் விக்கறதுக்கும் நடுவில் கோடு போட அது போதும்.

அதே சமயம், 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு போட்டுச்சு. விவசாயக் கருவிகள், மொபைல் டேப்லெட், வீட்டு மின்சாதனங்கள், வண்டிகள்னு நாலு துறை. டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்துச்சு. நல்ல ஆரம்பம். ஆனா பேச்செல்லாம் கம்பெனி உதிரிபாகம் தரணும், கையேடு தரணும் என்பதோட நிக்குது. கம்பெனியே கைவிட்ட பொட்டிக்கு, சாவியை யார் தருவா? பழைய பொருளுக்கு ஆதரவை நிறுத்தும்போது அதன் பூட்டையும் திறந்து விட்டுடணும்னு ஒரு விதி வரணும். லாக்கர் அறையை மூடற வங்கி, வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அவங்க பொருளை எடுத்துக்கச் சொல்லாம மூட முடியுமா?

கடைசியா, உங்க வீட்டுப் பரணிலும் ஒண்ணு இருந்தா, இதை மட்டும் செய்யுங்க.

முதல்ல, அவசரப்பட்டு பிளக்கில் சொருகாதீங்க. அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த பொட்டி 100-120 வோல்ட்டுக்கானது. நம்ம 230 வோல்ட்டில் நேரா மாட்டினா பவர் சப்ளை அம்பேல். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும்.

அடுத்து, அடியில் ஆறு நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருக்கும். ரப்பர் காலுக்கு அடியில் நாலு, ஸ்டிக்கருக்கு அடியில் ரெண்டு. டி20 அளவு. உள்ளே டிரைவ்களைப் பிடிச்சிருக்கிறது டி10. அந்தக் கடிகார மின்தேக்கியை உடனே எடுத்துடுங்க. ஆனா 2004 இல் வந்த 1.6 என்ற கடைசி வகைப் பொட்டியில் எடுக்கக் கூடாது, அதில் அது அவ்வளவா கசியறதும் இல்லை. எந்த வகைன்னு தெரிஞ்சவங்ககிட்ட உறுதிப்படுத்திக்கிட்டுக் கை வைங்க. பிராசசர் பக்கத்தில் மூணோ அஞ்சோ பெரிய மின்தேக்கிகள் இருக்கும். தலை உப்பியிருந்தா மாத்திடுங்க.

மூணாவது, எழுந்த உடனே கேம் ஆட உட்காராம, அந்த 256 பைட்டை நகல் எடுங்க. போர்டு முழுசா செத்திருந்தாலும் சில்லிலிருந்து ராஸ்பெர்ரி பை மாதிரி சின்னக் கம்ப்யூட்டர் வச்சுப் படிச்சுடலாம். எங்க பாஷையில் சொன்னா, லாக்கரை உடைச்சுத் திறக்கிற முறை. அதனால செத்த போர்டையும் தூக்கிப் போடாதீங்க. டிஸ்க்கைப் பூட்டின சில மென்பொருள்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பொதுச் சாவியும் வச்சிருக்கும். அப்படியிருந்தா இன்னும் சுலபம்.

நாலாவது, எந்த மெக்கானிக்கிட்ட கொடுத்தாலும் முதல்லயே சொல்லிடுங்க: "ஏற்கெனவே செஞ்சிருக்கிற வேலையை அழிக்காம சரி பண்ணுங்க." இதைக் கேட்டுச் சிரிக்கிறவரை விட்டுட்டு, "யார் செஞ்சது, என்ன செஞ்சிருக்காங்க?"ன்னு கேட்கிறவரைப் பிடிங்க.

உங்க வீட்டுச் சாமானில் யாரோ போட்டுட்டுப் போன ஜம்பர் கம்பி, ஒட்டுப் போட்ட பலகை, மாத்தின ஸ்பிரிங் எதுவா இருந்தாலும் அதைப் பத்திப் பின்னூட்டத்தில் எழுதுங்க. அந்தக் கணக்கெல்லாம் எங்கேயும் பதிவாகாம இருக்கு.

டிஸ்கி: கொலு வீடியோவை அனுப்பச் சொல்லி யாரும் கேட்காதீங்க. மாமா அனுமதி இல்லை. சுண்டல் வேணா அடுத்த நவராத்திரிக்கு வந்து சாப்பிட்டுப் போங்க.